‘சமத்தாத் தூங்குது’: 35 வாரக் குழந்தை ஒன்றின் முதல் ஒன்பது நாட்கள்

பிறந்து ஒன்பது மணி நேரமான ஆண் குழந்தை. குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 100 மி.லி.க்கு வெறும் 26 மி.கி. என்று கருவி காட்டியது. அதற்கு இரண்டரை மணி நேரம் முன்னால் அதே குழந்தையைப் பார்த்துவிட்டு, ‘நலம். தாயுடன் இருக்கட்டும்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

யாரென்று தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இரண்டொரு இடத்தில் வேறு குழந்தைகளிடம் பார்த்ததும் இதில் கலந்திருக்கிறது. இப்படி ஒரு குழந்தையைப் பச்சிளங்குழந்தை வார்டில் வேலை பார்த்த எவரும் கட்டாயம் பார்த்திருப்பார்கள். உண்மையில் அதற்காகத்தான் எழுதுகிறேன். அரிய நோய் எதுவும் இங்கே இல்லை.

பிறப்புக்கு முன்பே தெரிந்தவை

தாய்க்கு 29 வயது, இரண்டாவது பிரசவம். முதல் குழந்தை நிறைமாதத்தில் பிறந்தவள், எந்தத் தொல்லையும் தரவில்லை. இந்தக் கர்ப்பத்தில் 26வது வாரம் கர்ப்பகாலச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. இன்சுலின் இல்லாமல் உணவுக் கட்டுப்பாட்டிலேயே ஓட்டினார். கடைசி இரண்டு வாரம் மட்டும் சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவு சில தடவை எல்லையைத் தாண்டியிருந்தது.

35 வாரம் 4 நாளில், காலை ஆறு மணிவாக்கில் பனிக்குடம் உடைந்தது. நீர் தெளிவாக இருந்தது, காய்ச்சல் இல்லை. மருத்துவமனைக்கு வந்ததும் ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள். மறுநாள் அதிகாலை 2.10க்குச் சுகப்பிரசவம். அதாவது பனிக்குடம் உடைந்து 20 மணி நேரம் கழித்து.

ஆக, குழந்தை வெளியே வரும் முன்பே மூன்று விஷயங்கள் தாளில் இருந்தன. குறைமாதம், தாய்க்குச் சர்க்கரை, பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆனது. முதல் இரண்டும் குழந்தையின் சர்க்கரையைக் கீழே இழுக்கும். முதலாவதும் மூன்றாவதும் கிருமித்தொற்றுக்கு வழிவிடும். இந்த மூன்றும் தாயின் கோப்பில் இருந்தன. குழந்தைக்கென்று புதிதாகத் திறந்த தாளில் ‘தாய்க்குப் பிரச்சினை: இல்லை’ என்றிருந்தது. எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த இரவு அடுத்தடுத்து நான்கு பிரசவம். தாயின் கோப்பு தையல் போடும் மேசைக்குப் பக்கத்தில் கிடந்தது, குழந்தையின் தாள் எடை பார்க்கும் மேசையில்.

முதல் ஒன்பது மணி நேரம்

பிறந்ததும் அழுதான். ஒரு நிமிடம் பொறுத்துத் தொப்புள்கொடியை வெட்டினார்கள். பிறந்ததும் குழந்தையின் நிலைக்குப் பத்துக்குப் போடும் ஆப்கார் மதிப்பெண் முதல் நிமிடத்தில் 8, ஐந்தாவது நிமிடத்தில் 9. வைட்டமின் கே 1 மி.கி. ஊசி. எடை 2540 கிராம்.

இந்த 2540ல்தான் முதல் சறுக்கல். 2500 கிராமுக்குக் கீழே போனால்தான் ‘எடை குறைந்த குழந்தை’ என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. எங்கள் தாளிலும் அதற்கொரு கட்டம் உண்டு. 40 கிராம் கூடுதலாக இருந்ததால் அதில் ‘இல்லை’ என்று டிக் விழுந்தது. அந்த 40 கிராம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் கதை வேறு. தாயின் ரத்தத்தில் சர்க்கரை கூடினால் குழந்தைக்கும் கூடும், அது கொழுப்பாகச் சேரும். தாயின் சர்க்கரையே குழந்தையை அந்தக் கோட்டுக்கு மேலே தூக்கி வைத்திருக்கலாம். ஆபத்தைத் தந்த காரணமே ஆபத்தை மறைக்கும் திரையாகவும் ஆகிவிட்டது.

இரண்டாவது சறுக்கல் இன்னும் சின்னது. 35 வாரம் 5 நாளை யாரோ ‘36’ என்று முழுமையாக்கி எழுதியிருந்தார்கள். டியூட்டி மாறும்போது வாய்வழியாக வந்த தகவல், ‘36 வாரம், இரண்டரைக் கிலோ, நல்லா அழுதது.’ கேட்டால் யாருக்கும் கவலை வராது. 36 என்றாலும் அது குறைமாதம்தான் என்பது வேறு விஷயம். 37 வாரம் நிறையும் வரை எல்லாமே குறைமாதம். ஆனாலும் 36 என்று காதில் விழும்போது மனம் அதை 37க்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிடும், 34க்குப் பக்கத்தில் வைக்காது.

34 வாரம் முதல் 36 வாரம் 6 நாள் வரை பிறப்பவர்களைப் பின்-குறைமாதக் குழந்தைகள் என்கிறோம். எனக்கு என்னவோ இவர்களை மாறுவேடக்காரர்கள் என்று சொல்லத் தோன்றும். 29 வாரக் குழந்தையைப் பார்த்து ஏமாறுகிறவர் யாருமில்லை, அதைப் பார்த்தாலே வார்டு எழுந்து நிற்கும். இவர்களோ கன்னம் உப்பி, ரோஜா நிறத்தில், நிறைமாதக் குழந்தையின் சின்ன வடிவமாகவே தெரிவார்கள். உள்ளே கதை வேறு. 35 வாரத்தில் மூளையின் எடை நிறைமாதக் குழந்தையுடையதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். தோள்பட்டைகளுக்கு நடுவிலும் சிறுநீரகங்களைச் சுற்றியும் சேரும் பழுப்புக் கொழுப்பு, கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் நிறையச் சேரும். பச்சிளங்குழந்தை நம்மைப் போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளாது. அந்தக் கொழுப்பை எரித்துத்தான் சூடாகும். சப்பி, விழுங்கி, மூச்சுவிடும் மூன்றையும் தாளம் தப்பாமல் செய்யும் திறன் 34வது வாரம்வாக்கில் தலைகாட்டினாலும், களைப்பில்லாமல் முழு வயிறு குடிக்கும் அளவுக்குத் தேற இன்னும் இரண்டு மூன்று வாரம் ஆகும். மஞ்சள் நிறமியைப் பக்குவப்படுத்தி வெளியேற்றும் கல்லீரலும் அப்படித்தான்.

சரி, குழந்தைக்கு வருவோம். தாயின் மார்பில் பத்து நிமிடம் கிடத்தினார்கள். தையல் போடவேண்டும் என்று எடுத்துத் துணியில் சுற்றித் தொட்டிலில் வைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் பார்த்த உடல் வெப்பம் 36.3 டிகிரி செல்சியஸ். தாளில் அழகாக எழுதியிருந்தது. பச்சிளங்குழந்தைக்கு 36.5 முதல் 37.5 வரைதான் சரியான வெப்பம். 36.0 முதல் 36.4 வரை இருந்தால் குளிர் தாக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த எண்ணுக்கு எதிரே எந்தச் செயலும் எழுதப்படவில்லை. பெரியவர்களுக்கு 36.3 சாதாரணம். அந்தப் பழக்கம் கண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதல் பால் ஒரு மணி நாற்பது நிமிடம் கழித்து. ‘மார்பைப் பிடித்தது’ என்று குறிப்பு. பிடித்ததா, குடித்ததா என்பது வேறு கேள்வி. அடுத்த பால் 5 மணிக்கு. ‘தூக்கம், எழுப்ப முடியவில்லை, பிறகு பார்க்கலாம்.’

8.30க்கு நான் போனேன். இதயத்தில் முணுமுணுப்பு இல்லை, நுரையீரலில் காற்று இருபக்கமும் நன்றாகப் போகிறது, இடுப்பு மூட்டு சரி, அண்ணம் சரி. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தான். பரிசோதித்தபோது முகம் சுளித்தான், அழவில்லை. தாய் அசதியில் கண்ணை மூடியிருந்தார். பாட்டிதான் சொன்னார். “மூத்தவ மாதிரி இல்ல சார், இவன் ரொம்ப சமத்து. ராத்திரியிலேர்ந்து ஒரு சத்தம் இல்ல. சமத்தாத் தூங்குது.” நானும் சிரித்துவிட்டு நகர்ந்தேன்.

அந்த ஒரு வாக்கியத்துக்குள் நோய்க்குறி முழுவதும் இருந்தது. அனுபவமுள்ள பெண்மணி, முதல் பேரக்குழந்தையோடு ஒப்பிட்டே சொல்கிறார்: அழவில்லை, எழவில்லை, பால் கேட்கவில்லை. காதில் விழுந்தது பாராட்டு என்பதால் அதை நோய்க்குறி என்று நான் எண்ணவேயில்லை.

26

11 மணிக்கு வார்டு நர்ஸ் ஒருவர், வேறொரு தாய்க்கு மருந்து கொடுக்கப் போகிற வழியில், போகிறபோக்கில் இவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். பழக்கம். “டாக்டர், கால் ஜில்லுன்னு இருக்கு. வயிறும் அவ்வளவு சூடா இல்லை.”

கருவியே இல்லாத இடத்திலும் செய்யக்கூடிய சோதனை இது. புறங்கையால் பாதத்தையும் வயிற்றையும் தொடவேண்டும். பாதம் குளிர்ந்து வயிறு சூடாக இருந்தால் குழந்தை குளிரோடு போராடிக்கொண்டிருக்கிறது. இரண்டும் குளிர்ந்திருந்தால் போராட்டத்தில் தோற்றுக்கொண்டிருக்கிறது.

வெப்பமானி 35.7 காட்டியது. மூச்சு நிமிடத்துக்கு 64, விலா உள்வாங்கல் இல்லை. உள்ளங்காலில் சுண்டினால் காலை மெதுவாக இழுத்துக்கொண்டு மறுபடி தூங்கினான். கையை நீட்டி விட்டால் நிறைமாதக் குழந்தை சட்டென்று மடக்கிக்கொள்ளும், இவனுடையது நீட்டினபடி கிடந்தது. வலிப்பு இல்லை, நடுக்கமும் இல்லை. சர்க்கரை 26. குளுக்கோமீட்டர்கள் குறைந்த அளவுகளில் அவ்வளவு துல்லியமாக இருக்காது என்பதால் ஆய்வகத்துக்கும் ரத்தம் அனுப்பினோம். முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. பிற்பாடு வந்தது 24.

இந்த இடத்தில் ஒரு விவாதம் உண்டு. பச்சிளங்குழந்தைக்கு எந்த அளவுக்குக் கீழே போனால் ‘குறைவு’ என்பதில் உலகம் முழுக்க ஒரே எண் கிடையாது. 36 என்பவர்கள் உண்டு, 45க்கு மேல் வைத்திருக்கவேண்டும் என்பவர்கள் உண்டு. 2020ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்று, 35 வாரமும் அதற்கு மேலும் ஆன, வெளிப்பார்வைக்கு நலமாக இருக்கும் ஆபத்துநிலைக் குழந்தைகளை எடுத்துக்கொண்டது. சர்க்கரை 36க்குக் கீழே போனால் சிகிச்சை தொடங்கிய குழுவையும் 47க்குக் கீழே போனாலே தொடங்கிய குழுவையும் ஒப்பிட்டது. 18 மாத வயதில் வளர்ச்சியில் முதல் குழு பின்தங்கவில்லை. அதனால் ஒவ்வொரு 42ஐயும் 44ஐயும் பார்த்துப் பதறவேண்டாம் என்பது என் கட்சி. ஆனால் அந்த விவாதமெல்லாம் அறிகுறி இல்லாத குழந்தைக்கு. எழுப்பினால் எழாத குழந்தைக்கு 26 என்றால் விவாதிக்க ஒன்றுமில்லை.

நரம்பில் லைன் போடுவதற்குள் 40 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஜெல் 1.3 மி.லி. கன்னத்தின் உட்புறம் தடவினோம், கிலோவுக்கு அரை மி.லி. கணக்கு. லைன் இரண்டாவது முயற்சியில் கிடைத்தது. 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 5 மி.லி., அதாவது கிலோவுக்கு 2 மி.லி., மெதுவாக. உடனே தொடர் டிரிப், மணிக்கு 9.1 மி.லி. இது கிலோவுக்கு நிமிடத்துக்கு 6 மி.கி. குளுக்கோஸ். பெரிய அளவில் ஒரேயடியாகக் கொடுத்தால் ஏறின வேகத்தில் இன்சுலின் சுரந்து மறுபடி கீழே தள்ளிவிடும். சர்க்கரை நோயுள்ள தாயின் குழந்தையிடம் அதற்கு வாய்ப்பு அதிகம். அப்புறம் அரை மணியில் 58, மதியம் 2 மணிக்கு 44, 5 மணிக்கு 39. வேகத்தை 8 மி.கி.க்கு ஏற்றினோம். இரவு 8 மணிக்கு 61. அதன் பிறகு 50க்குக் கீழே போகவில்லை.

கிருமித்தொற்று? உடல் குளிர்வது, மூச்சு வேகம், சோர்வு, பால் குடிக்காமை எல்லாமே தொற்றிலும் வரும். சர்க்கரை குறைந்ததால் வந்ததா, தொற்றால் சர்க்கரை குறைந்ததா என்று அந்த நேரத்தில் படுக்கையருகே நின்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. பனிக்குடம் 20 மணி நேரம் என்ற கணக்கும் சேர்ந்ததால் கிருமி வளர்கிறதா என்று பார்க்க ரத்தக் கல்ச்சர் எடுத்துவிட்டு, ஆம்பிசிலின், ஜென்டாமைசின் என்ற இரண்டு ஆன்டிபயாடிக் ஊசிகளைத் தொடங்கினோம். 48 மணி நேரத்தில் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை, தொற்று இருந்தால் ரத்தத்தில் கூடும் சிஆர்பி இரண்டு முறையும் குறைவு. ஊசியை நிறுத்திவிட்டோம். தொடங்குவதற்கு வேண்டிய தைரியத்தைவிட நிறுத்துவதற்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருக்கும். ‘ஐந்து நாள் போட்டுவிடுவோமே’ என்று ஒரு குரல் எப்போதும் எழும். இந்த முறையும் எழுந்தது.

சங்கிலி எங்கே அறுந்திருக்கும்

பிறகு தாளை எடுத்துவைத்து மணிவாரியாக உட்கார்ந்து பார்த்தோம். நடந்தது ஒரே விபத்து இல்லை. ஒன்று இன்னொன்றை இழுத்த சங்கிலி.

தாயின் குளுக்கோஸ் நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. வந்து குவியும் சர்க்கரையைச் சமாளிக்க குழந்தையின் கணையம் தானே கூடுதல் இன்சுலின் சுரந்து பழகிவிடுகிறது. கொடியை வெட்டிய நொடியில் வரத்து நின்றுவிடும், இன்சுலின் நிற்காது. எல்லாக் குழந்தைக்குமே முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சர்க்கரை இறங்கித்தான் ஏறும். இவன் இறங்கினான், ஏறவில்லை. ஏற்றிவிடச் சேமிப்பு வேண்டும், கல்லீரலில் அந்தச் சேமிப்பு நிரம்புவதும் கடைசி வாரங்களில்தான். இதற்கு மேல் குளிர். குளிர்ந்த உடல் சூடேற்றிக்கொள்ளச் சர்க்கரையையும் பிராணவாயுவையும் செலவழிக்கும். சர்க்கரை குறைந்தால் மயக்கம், மயங்கினால் சப்பாது, சப்பாவிட்டால் சர்க்கரையும் சூடும் இன்னும் குறையும். இந்த வட்டம் சத்தமே இல்லாமல் சுற்றும். வெளியிலிருந்து பார்த்தால் சமத்தாகத் தூங்குகிற குழந்தை.

அறுந்திருக்கக்கூடிய இடங்கள் நான்கைந்து. மார்பில் பத்து நிமிடத்துக்குப் பதிலாக ஒரு மணி நேரம் விட்டிருக்கலாம். தையல் போடும்போதே குழந்தை மார்பில் கிடக்கலாம், மேலே உலர்ந்த துணி, தலையில் குல்லாய். 36.3 என்றதும் மறுபடி மார்போடு சேர்த்து அரை மணியில் திரும்பப் பார்த்திருக்கலாம். ‘மார்பைப் பிடித்தது’ என்பதற்குப் பதில் விழுங்கும் சத்தம் கேட்டதா என்று எழுதியிருக்கலாம். தாயின் சர்க்கரை தெரிந்திருந்தால் முதல் பால் ஒரு மணி நேரத்துக்குள், அது முடிந்து அரை மணியில் முதல் குத்தல், பிறகு ஒவ்வொரு பாலுக்கும் முன்பாக ஒன்று என்ற வழக்கமான வரிசை தானாகத் தொடங்கியிருக்கும். அப்போது 38 அல்லது 35ல் பிடித்திருப்போம் என்று நினைக்கிறேன். ஜெல்லும் பீச்சிய சீம்பாலும் போதும், ஊசியும் பிரிவும் வேண்டியிருக்காது.

ஆப்கார் பற்றி ஒரு வார்த்தை. 1952ல் மயக்கவியல் மருத்துவர் வர்ஜீனியா ஆப்கார் இதை உருவாக்கியது, பிறந்த நிமிடத்தில் குழந்தை எப்படி இருக்கிறது என்று எல்லோரும் ஒரே மொழியில் சொல்வதற்கு. ஒன்பதாவது மணி நேரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இருந்தாலும் ‘ஆப்கார் 9’ என்று தாளில் இருந்தால் பார்ப்பவர் தோள் தளர்ந்துவிடுகிறது. எனக்கும் தளர்ந்தது.

அப்படியானால் தூங்குகிற எல்லாக் குழந்தையையும் பார்த்துப் பயப்படவேண்டுமா? கூடாது. பிறந்து முதல் ஒன்றிரண்டு மணி நேரம் விழிப்பாக இருந்துவிட்டு அப்புறம் பல மணி நேரம் ஆழ்ந்து தூங்குவது நிறைமாதக் குழந்தைக்கு இயல்பு. வித்தியாசம் எழுப்பும்போதுதான் தெரியும். துணியை அவிழ்த்து, தாயின் மார்பில் வெறும் தோலோடு தோலாக வைத்தால், தூங்கும் குழந்தை கொஞ்ச நேரத்தில் தலையை ஆட்டித் தேடும், கையை வாய்க்குக் கொண்டுபோகும். சோர்ந்த குழந்தை அப்படியே சரியும். நான் 8.30க்கு எல்லாவற்றையும் பரிசோதித்தேன், இதை மட்டும் செய்யவில்லை. தூங்கும் குழந்தையின் இதயத்தைக் கேட்பது வசதியாக இருந்ததற்கு உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன் என்பதுதான் உண்மை.

பால், மஞ்சள், எடை

பதினான்காவது மணி நேரத்தில், டிரிப் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தாயைச் சக்கர நாற்காலியில் அழைத்துவந்து குழந்தையை அவர் மார்போடு கட்டினோம். வார்மரிலிருந்து, அதாவது சூடேற்றும் மேசையிலிருந்து, எடுத்தால் குளிர்ந்துவிடுமே என்று பணிமருத்துவர் தயங்கினார். ஒரு மணி நேரத்தில் வெப்பம் 36.8. இப்படி மார்போடு சேர்த்து வைக்கும் கங்காரு பராமரிப்பு 1978ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் தொடங்கியது, இன்குபேட்டர் பற்றாக்குறைக்கு மாற்றாக. பற்றாக்குறைக்கு வந்த வைத்தியம் என்பதாலேயே பலகாலம் இரண்டாம்தரமாகப் பார்க்கப்பட்டது. 2021ல் ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வில், 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் இருந்த குழந்தைகளுக்கு, நிலைப்படும்வரை காத்திராமல் பிறந்த உடனே இதைத் தொடங்கியபோது, முதல் 28 நாள் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. இவன் அந்த எடைக்காரன் இல்லை. இருந்தாலும் சூடு, பால், தாயின் மனம் மூன்றுக்கும் ஒரே மருந்து அதுதான்.

பால்தான் பெரும் பாடு. ஐந்து தடவை சப்புவான், தூங்கிவிடுவான். பார்க்கிறவர்களுக்கு இருபது நிமிடம் குடித்த மாதிரி இருக்கும். கையால் பீச்சியதில் முதல் நாள் கிடைத்தது 3 மி.லி. சீம்பால். ‘இவ்வளவுதானா’ என்று தாய் அழுதுவிட்டார். அந்த மூன்று மி.லி.யை ஒரு சொட்டு விடாமல் பாலாடையில் (பால் புகட்டும் சங்கு) கொடுத்தோம். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம், இரவிலும், பீச்சச் சொன்னோம். நான்காம் நாள் ஒருவேளைக்கு 45 மி.லி. வந்தது. முதலில் மார்பு, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் இல்லை. பிறகு மீதியைப் பாலாடையில். மார்பிலேயே முழுதும் குடிக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் குழந்தை எரிக்கும் சக்தி, உள்ளே போகும் சக்தியைவிடக் கூடுதலாகிவிடும். மூன்றாம் நாள் டிரிப்பை நிறுத்தினோம்.

மூன்றாம் நாள் மாலை வீட்டுக்கு அனுப்பலாமா என்று கேள்வி வந்தது. சர்க்கரை சரி, கல்ச்சர் சரி, கட்டிலும் தேவைப்பட்டது. நான் வேண்டாம் என்றேன். அது முன்யோசனை மட்டுமில்லை, முதல் நாள் விழுந்த அடியின் பயமும்தான். பின்-குறைமாதக் குழந்தைக்கு மஞ்சள் காமாலை உச்சத்துக்குப் போவது ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், நிறைமாதக் குழந்தையைவிடத் தாமதமாக. மூன்றாம் நாள் அனுப்பினால் உச்சம் வீட்டில் வரும், யாரும் பார்க்காமல்.

நான்காம் நாள் இரவு ரத்தத்தில் பிலிருபின், அதாவது அந்த மஞ்சள் நிறமி, 17.2. பிறந்து எத்தனை மணி, எத்தனை வாரத்தில் பிறந்தான் என்பதை வைத்து ஒளிச்சிகிச்சைக்குப் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டியிருந்தது. கண்ணால் பார்த்து நான் 13 அல்லது 14 இருக்கும் என்றிருந்தேன். கண்ணை நம்பக்கூடாது என்பது பாடத்தில் படித்ததுதான், ஆனாலும் எல்லோரும் ஒருமுறை பந்தயம் கட்டிப் பார்ப்போம். 30 மணி நேரம் ஒளிச்சிகிச்சை, 11.4க்கு இறங்கியது.

ஒளிச்சிகிச்சையே ஒரு நர்ஸின் கண்ணில் பிறந்ததுதான். 1950களின் நடுவில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளை வெயில் காட்ட வெளியே எடுத்துப்போவார் சிஸ்டர் ஜீன் வார்டு. ஒருநாள் மருத்துவர்களிடம் ஒரு குழந்தையைக் காட்டினார். உடம்பெல்லாம் வெளிறி, துணி மறைத்திருந்த முக்கோணம் மட்டும் மஞ்சளாக இருந்தது. 1958ல் அங்கிருந்த மருத்துவர்கள் அதை ஆய்வுக் கட்டுரையாக்கினார்கள். கதையைச் சொன்னதும் தாய் கேட்டார், “அப்போ வீட்டு ஜன்னல் வெயில்ல காட்டினா போதுமா?” போதாது. அளவு தெரியாது, சூடோ குளிரோ தாக்கும், இதற்கெல்லாம் மேல் ‘வெயில் காட்டுகிறோமே’ என்ற நிம்மதியில் பரிசோதனை தள்ளிப்போகும்.

எடை ஐந்தாம் நாள் 2295க்கு இறங்கியது, பிறந்த எடையில் ஒன்பதரைச் சதவீதம் குறைவு. ஆறாம் நாள் 2305. அப்புறம் நாளுக்கு 25 கிராம். ஒன்பதாம் நாள் 2380.

வீட்டுக்கு

அனுப்பும் முன் பார்த்தவை: சாதாரண உடுப்பில் ஒரு நாள் முழுக்க வெப்பம் நிலையாக இருந்தது, குழாய் இல்லாமல் எல்லாப் பாலும் வாய்வழியாக, மூன்று நாள் தொடர் எடை ஏற்றம், விளக்கை நிறுத்திய பிறகும் மஞ்சள் திரும்ப ஏறாதது. வலது கையிலும் ஒரு காலிலும் பிராணவாயு அளவு பார்த்து இதயக் கோளாறுக்கான வடிகட்டல். குதிகால் ரத்தத்தில் தைராய்டு. செவிப் பரிசோதனை கட்டாயம், ஜென்டாமைசினும் மஞ்சளும் இரண்டுமே காதோடு சம்பந்தப்பட்டவை.

பெற்றோரிடம் ஆபத்து அறிகுறிகளைச் சொல்லிவிட்டு, திருப்பிச் சொல்லச் சொன்னேன். பால் குடிக்க மறுப்பது, தொட்டால் மட்டுமே அசைவது, மூச்சு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், நெஞ்சு உள்வாங்குவது, வலிப்பு, 37.5க்கு மேல் சூடு, 35.5க்குக் கீழ் குளிர்ச்சி. தந்தை எல்லாவற்றையும் கைபேசியில் எழுதிக்கொண்டார். பாட்டி நடுவில் குறுக்கிட்டார். “நான்தான் சார், தூங்கட்டும்னு விட்டேன்.” இல்லைம்மா, நீங்கள் சொன்னீர்கள், நான்தான் கேட்கவில்லை என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

வார்டில் நாங்கள் மாற்றிக்கொண்டது கொஞ்சம்தான். குழந்தையின் தாளில் முதல் வரி இப்போது எடை இல்லை. வாரமும் நாளும், முழுமையாக்காமல். அடுத்து தாயின் சர்க்கரை, அடுத்து பனிக்குடம் உடைந்து எத்தனை மணி. இந்த மூன்றையும் லேபர் ரூம் நர்ஸ், தாயின் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு, வார்டு நர்ஸிடம் வாய்விட்டுப் படிக்கவேண்டும். ‘பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்’ என்பது கூடாது. ‘பால் குடித்தது’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டு ‘விழுங்கும் சத்தம்: கேட்டது, கேட்கவில்லை’ என்று வைத்தோம். ஆரம்பத்தில் கிண்டல் செய்தார்கள்.

ஒரு கவலையும் கூடவே வந்தது. ஆபத்துநிலை என்று முத்திரை விழுந்ததும் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து வார்மரில் போடும் ஆசை வந்துவிடுகிறது. இரண்டு வாரம் அப்படித்தான் நடந்தது. குத்தலும் கூடியது, புட்டிப்பாலும் கூடியது. பட்டியலில் இருப்பது கவனிப்பதற்கு, பிரிப்பதற்கு இல்லை என்று மறுபடி உட்கார்ந்து பேசவேண்டியிருந்தது. அறிகுறி இல்லாத 35 வாரக் குழந்தைக்குச் சரியான இடம் தாயின் மார்பு. அங்கேயே வெப்பம் பார்க்கலாம், அங்கேயே குதிகாலில் குத்தலாம்.

வீட்டுக்குப் போய் இரண்டாம் நாள் திரும்ப வந்தார்கள், பிலிருபின் 9.8. பதினைந்தாம் நாள் எடை 2560, பிறந்த எடையைத் தாண்டிவிட்டது. மூன்று மணிக்கொரு தரம் அலாரம் வைத்து எழுப்புவது பாட்டியின் வேலையாக இருந்தது. “இன்னும் எழுப்பணுமா சார்?” என்றார். தானாக விழித்துக் கேட்டால் வேண்டாம் என்றேன். அன்றைக்கு இரவே அலாரத்துக்கு முன்னால் கத்தினானாம்.

வைட்டமின் டி தினம் 400 யூனிட், ஒரு மாதத்திலிருந்து இரும்புச்சத்துச் சொட்டு மருந்து. ஆறு மாதத்தில், அதாவது திருத்திய வயதுப்படி ஐந்து மாதத்தில், குப்புறக் கவிழ்கிறான், சத்தம் வரும் பக்கம் திரும்புகிறான், பொம்மையைக் கைமாற்றுகிறான். அந்த ஒன்பது மணி நேரம் எதையாவது விட்டுச்சென்றிருக்கிறதா என்று இந்த வயதில் முடிவாகச் சொல்லமுடியாது. இரண்டு வயதுவரை பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த வருகை ஒன்பதாம் மாதம், செவிப் பரிசோதனையோடு சேர்த்து.